படிவத்தின் மூன்றாம் கட்டம்

மேமலைக் கணக்கில் பதினொரு காம்பரா
மண்ணுக்குள் போன இரவு
சபைக் கட்டிடத்துச் சாவி என் இடுப்பில் இருந்தது.
பகலில் ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவேன்,
ஞாயிறுகளில் மணி அடிப்பேன்.
அவ்வளவுதான் என் ஊழியம்.

மணி அடித்தேன், ஆராதனைக்கல்ல,
இருட்டில் திசை தெரியட்டும் என்று.
நனைந்த கம்பளியும் கைப்பிள்ளையுமாய்
ஏறி வந்தார்கள், வாசலிலேயே நின்றார்கள்.
"செருப்பக் கழட்டணுமாண்ணே?" என்றாள் தங்கலெச்சுமி,
ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு.

பெஞ்சுகளை இரண்டிரண்டாய் முகம்பார்க்கச் சேர்த்தோம்,
தொட்டில்கள் ஆயின.
திருவிருந்து மேசையின் வெள்ளைத்துணி
ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போர்வை.
பாஸ்டரிடம் பிறகுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஹட்டனிலிருந்து வேன் வந்தது.
அரிசி, பருப்பு, டின்மீன், பால்மா.
கூடவே சகோதரர் டெரன்ஸ்,
ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம், ஒரு படிவம்.
"முதல்ல ஒரு சின்னச் செய்தி.
விசுவாசிக்கிறவங்க கை உயர்த்தட்டும்.
அப்புறம் சாமான்."

நல்ல மனுசன். மஸ்கெலியா ரோட்டில்
மரம் விழுந்த இடத்தில் வேனைத் தள்ளியவர்,
முழங்கால்வரை சேறு.
அதனால்தான் எனக்கு வாய் வரத் தாமதமானது.
"பசிச்சவன் கை தானா உயரும், ஐயா.
எதுக்கு உயருதுன்னு
ஆண்டவருக்கே கணக்குப் பிசகும்."
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சநேரம் பெஞ்சுத் தொட்டில்களைப் பார்த்தார்.
பிறகு வேன் கதவை அவரே திறந்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்
தங்கலெச்சுமி மடியிலிருந்து ஒரு படம் எடுத்தாள்:
மண்ணுக்குள்ளிருந்து மீட்ட மாரியம்மன்,
கண்ணாடி போய், ஓரமெல்லாம் ஊதி.
"வெளிய மழண்ணே. கற்பூரம் நிக்காது."

எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது.
பொய் சொல்லமாட்டேன், சாத்திக்கொண்டது.
முதல் கற்பனையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவன் நான்.
பின்தாழ்வாரத்தில் விறகு அடுக்கியிருந்தது.
அதை ஒதுக்கினேன்.
நெருப்புப்பெட்டி என் சட்டைப்பையில்தான் இருந்தது.
நான் கும்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்
கற்பூரம் எரிந்து முடியும்வரை.

அன்றிரவு அவளாகத்தான் கேட்டாள்:
"நாலு மணிக்கு எழும்பி முட்டிபோட்டு
யாரோட பேசுறீங்க, சத்தமே இல்லாம?"

ஒன்பது வருசமாய் அவள் பறித்த கொழுந்தை
நான் வாட்டுகிறேன்.
ஒருநாளும் இதைப் பேசியதில்லை.

பிரசுரக் கட்டு அலமாரியில் கிடந்தது. எடுக்கவில்லை.
என் மூத்தவன் ரோதைக்குள் கையைக் கொடுத்த வருசம்,
கசிப்பில் நான் கிடந்த வருசம்,
கானோரம் விழுந்தவனைப் பேர் சொல்லி
யாரோ எழுப்பியதுபோல் வந்த ஒரு விடியலைச் சொன்னேன்.
"எனக்கு அவர் இயேசு. கையில் ஆணித் தழும்பு.
கைவலி தெரிஞ்ச ஒருத்தர் வேணுமா இருந்திச்சு எனக்கு.
அவரோடதான் பேசுறேன்.
சில நாள் பதில் வரும்.
சில நாள் நுளம்புச் சத்தம் மட்டும்."

அவள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தகரத்தில் மழை வலுத்து, தணிந்தது.
"எங்க மனுசனும் அதே வருசந்தான்
ரோதமுனிக்குச் சேவல் நேர்ந்தாரு,
ஒங்க மகனுக்காக" என்றாள்.

எனக்கு இது தெரியாது.
பதினாறு வயதில் இடது கையால்
எழுதப் பழகிய என் பிள்ளைக்கும் தெரியாது.

அவள் பால்மா கரைக்க எழுந்து போனாள்.

படிவத்தை இன்றுதான் நிரப்பினேன்.
இடம். குடும்பங்கள், பதினொன்று.
மூன்றாம் கட்டம்: தொடப்பட்ட ஆத்துமாக்கள்.
பென்சிலைச் சீவி
ஒன்று என்று போட்டேன்.

யார் அது என்று
டெரன்ஸ் இன்னும் கேட்கவில்லை.
கேட்டால்,
மணி அடிக்கிறவன் என்பேன்.